தோத்த மூஞ்சியைப் பாக்கணும்

இன்னைக்கு அமரவிளை வாழைக்குலைக் கடையில, ஞாயிற்றுக்கிழமை பேத்தியோட நிச்சயத்துக்கு ஏத்தங்குலை சொல்லிட்டு நிக்கேன். மாப்பிள்ளைப் பையன் பைக்கில தனியா வந்து இறங்குகான்.

"அம்மச்சி, நிச்சயம் சாயங்காலம் வேண்டாம். காலையிலயே வச்சிருவோமா?"

மூணு பெண்மக்களைக் கட்டிக் கொடுத்தவளாக்கும் நான். நேரம் மாத்துகவனை லேசுல நம்ப மாட்டேன்.

"என்ன காரியம் மக்கா? வேற எங்கயும் போணுமா?"

கொஞ்சம் நெளிஞ்சான். "சாயங்காலம் எங்க டீமுக்கு ஃபுட்பால் களி உண்டு."

"அதை டிவியில பாக்கணும், அதான?"

"அது மட்டும் இல்ல அம்மச்சி. எப்பிடியும் ரெண்டு கோலுக்குத் தோப்பாவ. தோத்தா என் மூஞ்சியைக் காணச் சகிக்காது. அதோட வந்து எப்பிடி மோதிரம் போடுகது?"

சொந்த டீம் தோக்கும்னு அடிச்சுச் சொல்லுக ஆளை இப்பதான் பாக்கேன். சந்தேகம் கூடத்தான் செஞ்சுது. களி தோத்த கோபத்துல சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்ச ஆம்பிளையளை நான் கண்டதுண்டு.

"காலையில வேண்டாம். களி முடிஞ்ச பிறவு ராத்திரி வாங்க. உன் தோத்த மூஞ்சியைத்தான் நான் பாக்கணும். பாத்த பிறவு மோதிரம்."

அப்பவே ரெண்டு கோல் வாங்கினவன் மாதிரி நின்னான்.

ஞாயிற்றுக்கிழமை சபையில, அவன் டீம் தோக்கணும்னுதான் ஜெபிக்கப் போறேன். அந்த டீம் ஆளுக யாரும் கோவிக்காதீங்க, பெண்ணு கொடுக்கது நானாக்கும்.

ஒருவேளை ஜெயிச்சுட்டாவன்னா, அவன் குணத்தை நான் எப்பிடிக் கண்டுபிடிக்க? வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.