அப்பா ஏறாத தென்னைமரம்

எந்த ஊரில் இருந்தாலும், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு வாசலில் மணல் குவிந்திருந்தால் என் கால் நின்றுவிடும். திருப்பூரில் நின்றிருக்கிறேன், ஓசூரில் நின்றிருக்கிறேன். கத்தாரில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தபோதுகூட, கடைக்குப் போகிற வழியில் நின்று திட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது நம் பக்கம் வருவது கல்லை உடைத்த மணல். அதில் கிளிஞ்சல் இருக்காது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொள்ளிடத்து மணல் வரும். லாரி கொட்டிவிட்டுப் போனதும் மேலே ஏறி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பிப்பேன்.

அப்பா கொத்தனார். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், மேஸ்திரி. கட்டட வேலையை மொத்தமாகப் பேசி எடுத்து, ஆள் வைத்து முடித்துக் கொடுப்பார். எனக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். அப்பாவுக்கு வருஷம் முழுக்க வேலை கொடுத்ததும் அவர்தான்.

லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் பொறுப்பு. தூக்குவாளியோடு நுழைந்ததுமே சித்தாள் அக்காக்கள் தொடங்கிவிடுவார்கள். "இன்ஜினியரம்மா வந்தாச்சு, செவுரு கோணலா இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்பார்கள். நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். ஈரச் சிமெண்டின் வாசனை, பூச்சுக்குத் தண்ணீர் அடிக்கும் ஓசை, மதியம் பத்துப் பேர் பத்து வீட்டுக் குழம்பை மாற்றிக்கொள்வது. அதைவிட நல்ல இடம் உலகத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஐந்தாவது படிக்கையில், காலாண்டுப் பரீட்சை லீவில், சீர்காழியில் ஒரு இரண்டு மாடிக் கடைக் கட்டடம். அப்பா மேலே வெளிச்சுவர் பூசிக்கொண்டிருந்தார். சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, பலகை போட்ட சாரம். கட்டியது, முந்தின வேலையில் அவிழ்த்த பழைய கயிறு. நான் மணலில் இருந்தேன். ஏதோ அறுபட்ட சத்தம் கேட்டு நிமிர்ந்தால், பலகை ஒரு பக்கமாகத் தொங்கியது. அப்பா செங்கல் குவியல் மேல் கிடந்தார். கத்தவில்லை. என்னைப் பார்த்து, "சோத்தை நெழல்ல வையி" என்றார்.

அம்மா அன்று நடவுக்குப் போயிருந்தாள். மாமாதான் அப்பாவைக் குட்டியானை வண்டியில் காலிச் சிமெண்டு சாக்குகள் மேல் படுக்கவைத்து ஓட்டினார். நான் முன்னால் அவர் பக்கத்தில். சாரத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னால் போலீஸ் வரும், வேலை நிற்கும், தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள், பிறகு யார் வீட்டிலும் அடுப்பு எரியாது என்றார். ஆகவே அப்பா தென்னைமரத்திலிருந்து விழுந்துவிட்டார். நான் எதுவும் பேச வேண்டாம், கேட்டால் ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெரிய நோட்டைத் திறந்துவைத்து எப்படி அடிபட்டது என்று கேட்டார். மாமா சொன்னார். டாக்டர் அப்பாவின் பனியனைப் பார்த்தார். கழுத்து வரைக்கும் சிமெண்டு.

"தென்னைமரத்துக்குப் பூச்சு வேலையா?"

மாமா தன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். எனக்குப் பேச்சு வந்தது. "சாப்பிட வந்த அப்பாகிட்ட நான்தான் எளநி கேட்டேன். வேலை செஞ்ச துணியோடயே ஏறிட்டாரு. வேணாம்ப்பா, எறங்குன்னு பாதியிலேயே சொன்னேன்" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோல் இருந்தது. அழுகை வந்துவிட்டது. டாக்டர் அவ்வளவையும் எழுதிக்கொண்டார். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். மயக்கம் என்று நினைத்தேன்.

மாமா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். இவளை வக்கீலுக்குப் படிக்கவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, அவர் அழுதார்.

அப்பாவின் இடுப்பெலும்பு சேர்ந்தது, சரியாகச் சேரவில்லை. ஒரு கால் குட்டையாகிவிட்டது. இனிச் சாரம் ஏற முடியாது. மாமா முதலில் வாரம் தவறாமல் அரிசியோடு வந்தார். பிறகு அரிசி வந்தது, அவர் வரவில்லை. பிறகு அதுவும் நின்றது.

தை பிறந்ததும் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்தார். நலவாரிய அட்டையை அப்பா புதுப்பிக்காமல் விட்டிருந்தார். வாரியம் தரும் விபத்து உதவி கிடைப்பது கஷ்டம். ஆனால் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம், ஆளை வேலைக்கு வைத்தவர்தான் பொறுப்பு, விழுந்து இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுத்தால் போதும் என்றார். அவரே எங்கள் மூவரையும் சீர்காழியில் ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் எழுதியதன் நகலை வக்கீல் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"எளநி கேட்ட பொண்ணு இதானா?"

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

கூட வேலை செய்தவர்கள் வந்து சாட்சி சொல்வார்களா என்று கேட்டார். அவர்கள் எல்லாம் இன்னும் மாமாவிடம்தான் வேலை பார்த்தார்கள். அப்படியானால் இந்தப் பெண்தான் வர வேண்டும், விழுந்ததைப் பார்த்ததையும், மரம் என்று சொல்லச் சொன்னது யார் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் காகிதத்தைத் தாண்டுவது சிரமம் என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் காலைப் பார்த்தாள்.

"எங்க அண்ணன்தான். அதுக்காக உங்க காலு போனது இல்லன்னு ஆயிடுமா? கூட்டிக்கிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். கோர்ட்டு என்றால் பெரிய மேடை மாதிரி இருக்கும், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு, அங்கே என்ன சொல்வாய், சொல்லு பார்ப்போம் என்றார். நான் எழுந்து நின்று சொன்னேன். கயிறு அறுந்ததைச் சொன்னேன். அவர் விழுந்ததைக் கையால் காட்டினேன். மாமா வண்டி ஓட்டிக்கொண்டே பேசியதை மாமா குரலிலேயே பேசினேன். "அது பழைய கயிறாச்சேன்னு நீங்க சொன்னீங்க. அதுக்கு மாமா சிரிச்சாரு" என்று முடித்தேன்.

அப்பா கேட்டார்: "மாமா சிரிச்சதை நீ பார்த்தியா?"

"இல்லப்பா. சொன்னா நல்லாருக்கும்ல."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் மூடியிருந்த கண்கள்தான். "அன்னிக்கும் இப்படித்தான் சொன்னே" என்றார். பிறகு, "போதும் பாப்பா, வெளையாடப் போ" என்றார்.

மறுநாள் சங்கத்துக்காரர் வந்தபோது, வழக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா ஏன் என்று கேட்டாள். சும்மா ஒரு தரம் கேட்டாள், அவ்வளவுதான். அப்பா அரிசி ஆலையில் வாட்ச்மேனாகப் போனார். நான் எட்டாவதோடு நின்றேன். மாமா வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள் போய்வந்தோம்.

நான் சரியாகச் சொல்லவில்லை, அதனால்தான் அப்பா கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று அப்போது நினைத்தேன். அழ வேண்டிய இடத்தில் அழுகை போதவில்லை என்று எனக்கே பட்டது. அப்பா இன்னொரு தடவை கேட்டால் விடக்கூடாது என்று, அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாய்க்கால் கரையில் அழுது பார்த்துக்கொண்டே போனேன்.