பேரிங்கைப் போர்த்திய துண்டு

என் கணவர் கல் கிரஷரில் ஃபிட்டர். ஒருநாள் வந்ததும் வராததுமாக, கழற்றிய பேரிங் ஒன்றின் வெளிவளையத்தை நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மற்றவர்கள் வீட்டுக்கு மல்லிகைப்பூ வரும், எனக்கு இது. உள்பக்கப் பளபளப்பில் அம்மைத் தழும்பாகக் குழிகள்.

"ஒரு கல்தூசி உள்ள பூந்தா போதும். உருளை ஏறி அமுக்கும், குழி வுழும். குழியால ஒண்ணுமில்ல. அதச் சுத்தி ஒரு கரை எழும்புது பாரு, ஒவ்வொரு சுத்துக்கும் பாரம் அங்கதான் இடிக்கும். விரிசல் அங்கதான் வுடும்" என்றார்.

இரும்பு இன்னும் கெட்டியாக இருந்தால் ஆகாதா என்று கேட்டேன். வெறும் கெட்டி என்றால் விரிசல்தானாம். புதிதாக வரவழைத்திருக்கும் பேரிங்கின் எஃகில், கெட்டியான மேல்தோலுக்குள்ளேயே கொஞ்சம் இளக்கத்தையும் விட்டுவைத்திருக்கிறார்களாம். குழி விழுந்தாலும் கரை நாளடைவில் அமுங்கிவிடும், தூசியிலும் ஆயுள் ஜாஸ்தி என்றார். பிள்ளை பிறந்த அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு பூரிப்பை நான் பார்க்கவில்லை.

அந்தப் புது பேரிங்கை மாட்டிய அன்று, கீழ்பென்னாத்தூர் பக்கம் இருந்த கிரஷருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். எங்கும் வெள்ளைப் புழுதி. முகத்தில் கட்டிக்கொள்ள நான் கொடுத்தனுப்பிய துண்டை அவிழ்த்துப் பேரிங்கின்மேல் போர்த்திவிட்டு, வெறும் மூக்கோடு உட்கார்ந்திருந்தார். அங்கே எல்லா ஃபிட்டர்களுக்கும் அதுதான் வழக்கம். கத்தினேன்.

"எனக்கு இன்னா ஆவப்போவுது? அதுல ஒரு தூசி வுழுந்தா மொத்த வேலையும் போச்சு" என்று சிரித்தார்.

சில வருடங்களில் இருமல் வந்தது, ஆள் இளைத்துப்போனார். நுரையீரல் முழுக்கக் கல்தூசி, அதைச் சுற்றித் தழும்பு கட்டிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயில் தொட்டுக் காட்டினார். இவர் கிட்டப்போய் உற்றுப் பார்த்தார்.

"நாளாக நாளாக அது அமுங்கிடுங்களா டாக்டர்?"

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார். இவர் எதை நினைத்துக் கேட்டார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் வெளியே வந்து, மாத்திரை எப்போது போடவேண்டும் என்றுதான் பேசிக்கொண்டு நடந்தோம்.

அவர் போய் இரண்டு கார்த்திகை தீபம் ஆகிவிட்டது. போன வாரம் வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில், அவரோடு வேலை செய்த ஒருவர் என்னைப் பார்த்து ஓடிவந்தார்.

"அண்ணி, அண்ணன் மாட்டின பேரிங் இன்னும் ஓடுதுங்க. ஒரு சத்தம் இல்ல."

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறார், பாவம். சரிப்பா என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பேரிங்கை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ மட்டும் ஓடுகிறாயே, அவர் எங்கே என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.