கிளாஸ் நாட் ரெஜிஸ்டர்ட்

போன வாரம் வெள்ளிக்கிழமை காலை எட்டாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. வகுப்பில் போனைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்பவள் நான். எடுத்துப் பார்த்தேன். சிதம்பரத்தில் முதுகலை கடைசி வருடம் படிக்கும் என் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னப் பெட்டி. சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்: கிளாஸ் நாட் ரெஜிஸ்டர்ட். அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "நேத்துலேர்ந்து இதேதான் வருது. ரெண்டு மணிக்கு பிராஜக்ட் காட்டணும். என்ன பண்றதுன்னே தெரியலம்மா."

கடலூரில் பள்ளி ஆசிரியை நான். கிளாஸ், ரெஜிஸ்டர் இரண்டும் எனக்கு உப்பு, புளி மாதிரி. அந்தச் சொற்களுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. எங்கோ யாரோ விட்டுவிட்டார்கள். இன்றைக்கு பிராஜக்ட் காட்ட விடமாட்டார்கள், ஒரு வருடம் போச்சு. மகளைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம்கூடக் கேட்காமல் போகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் நின்று, பரங்கிப்பேட்டையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன். சிதம்பரத்துக்கு என்னைவிட அவன் பக்கம்.

"பாப்பா பேரு ரெஜிஸ்டர் ஆவலியாம்டா."

"யாருக்கா சொன்னது?"

"கம்ப்யூட்டரே சொல்லுது."

"கம்ப்யூட்டரே சொல்லுதுன்னா விஷயம் பெருசுதான். நீ பதறாம வா. நான் கடைய மூடிட்டு நேரா யுனிவர்சிட்டி ஆபீசுக்குப் போறேன்."

ஆலப்பாக்கம் தாண்டும்போது மனதுக்குள் ஒரு மனு எழுத ஆரம்பித்தேன். 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்பதில் தொடங்கி, வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் மூன்று தடவை மாற்றி எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பணிவு ஜாஸ்தியாகிக்கொண்டே போனது.

அண்ணாமலை நகரில் தோழிகளோடு வாடகைக்கு இருக்கும் வீட்டின் கதவை மகள்தான் திறந்தாள். கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"நீ எதுக்கும்மா வந்த? ஸ்கூல் இல்லியா?"

"உன் பேரு ரெஜிஸ்டர்ல இல்லன்னு நீதானடி அனுப்புன? போன ஏன் எடுக்கல?"

"சைலன்ட்ல இருந்துச்சு." போனைத் தேடி எடுத்தாள். அவள் அனுப்பிய படத்தை அவளே பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது நான் இல்லம்மா. அந்தக் கிளாஸ் வேற. சாப்ட்வேருக்குள்ள இருக்கற ஒரு பார்ட்டு."

கட்டிலில் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டதைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவளுடைய கவலையும் அப்போது திரும்பி வந்தது. என் பயம்தான் பொய். லேப்டாப்பில் பெட்டி அப்படியே இருந்தது.

கடலோரக் கிணறுகளில் எங்கெங்கே உப்பு ஏறுகிறது என்று வரைபடத்தில் காட்டுவதுதான் அவள் பிராஜக்ட். அவள் எழுதிய நிரல் வரைபடத்தைத் தானாக வரைவதில்லை. அந்த வேலையை வேறு யாரோ செய்துவைத்த ஒரு சின்னப் பாகத்திடம் விடுகிறது. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் ஒரு பதிவேடு வைத்திருக்கிறதாம். நிரல் கேட்டால் அதில் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடும். முந்தின நாள், இடம் போதவில்லை என்று பழைய மேப் சாப்ட்வேர் ஒன்றை நீக்கியிருக்கிறாள். அதுவும் இதே பாகத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

"அந்த பார்ட்டும் போயிடுச்சா?"

"இல்ல, இருக்கு. இதோ பாரு, ஃபைல் இங்கதான் கெடக்குது."

"அப்ப பழசு டி.சி. வாங்கிட்டுப் போவும்போது இதோட பேரையும் சேத்து அடிச்சிட்டுப் போயிருக்கு. புள்ள பெஞ்சுல உக்காந்திருக்கு, ரெஜிஸ்டர்ல பேரு இல்ல."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கரெக்ட்டும்மா. அதேதான்."

"மறுபடி பேர எழுத வேண்டியதுதான?"

"எழுதறேன். ஏத்துக்க மாட்டேங்குது."

செய்து காட்டினாள். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, பதிவு செய்யும் கட்டளையையும் அந்த ஃபைலின் பெயரையும் அடித்து என்டர் தட்டினாள். இன்னொரு பெட்டி வந்தது. வரிசையாகச் சைபர் போட்ட ஒரு எண். அனுமதி இல்லை என்று அர்த்தமாம்.

"எங்க ஸ்கூல்லயும் நடு வருசத்துல நானா ஒரு பேர ரெஜிஸ்டர்ல ஏத்த முடியாது. ஹெச்.எம். கையெழுத்து வேணும். இங்க ஹெச்.எம். யாரு?"

"நான்தான். என் லேப்டாப்புதானே."

"ஹெச்.எம்.மாவே இருந்தாலும், கையெழுத்துப் போடறப்ப அந்தச் சீட்டுல உக்காந்துதான போடணும்? வராண்டாவுல நின்னுக்கிட்டுப் போட்டா யாரு ஒத்துக்குவாங்க?"

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. "இரு இரு" என்றாள். கறுப்பு ஜன்னலை மூடினாள். மறுபடி திறக்கும்போது நேராகத் திறக்காமல், வலது பொத்தானை அழுத்தி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கச் சொன்னாள். நிச்சயமா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றாள். அதே கட்டளை, அதே பெயர். இந்தத் தடவை வந்த பெட்டியில் சிவப்பு இல்லை. சக்சீடட் என்று இருந்தது. நிரலைத் திறந்தாள். பரங்கிப்பேட்டைக் கரையோரம் நீலமும் மஞ்சளுமாகக் கிணறுகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

"சீட்டுல உக்காந்துட்டேன்" என்றாள்.

அப்போதுதான் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. தம்பியை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"அக்கா, பேரு இருக்குதாம். போட்டோவோட காட்டுனாங்க. ஆனா நான் விடல. அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதான்னு கேட்டேன்."

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். "மாமா, யார்கிட்ட கேட்டீங்க?"

"ஆபீஸ்ல இருந்த எல்லார்கிட்டயும்தான்."

மதியம் அவள் படிக்கும் துறைக்கு வெளியே மரத்தடியில் நானும் அவனும் நின்றோம். அவன் வாங்கி வந்த சமோசாவை என்னால் விழுங்க முடியவில்லை. உள்ளே மறுபடி அந்தப் பெட்டி வந்துவிட்டால் என்ன செய்வாள் என்பதே நினைப்பாக இருந்தது. அவள் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"தொறந்துச்சா?"

"தொறந்துச்சு. நல்லாருக்குன்னாங்க. ரெண்டு கேள்விதான். ஒண்ணு கெணத்தப் பத்தி."

"இன்னொண்ணு?"

"காலையில ஆபீஸ்ல சண்ட போட்டவரு உங்களுக்கு என்னா வேணும்னு."

தம்பி மிச்சமிருந்த சமோசாவை எடுத்துக்கொண்டான். "சொந்தம்னு சொன்னியா இல்லியா?"

அன்றிலிருந்து அவள் எதை அனுப்பினாலும் முதலில் 'பயப்படாத' என்று எழுதிவிட்டுத்தான் அனுப்புகிறாள். நேற்று அப்படி வந்தது புதுச் செருப்பின் படம். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும், படத்தைத் திறப்பதற்கு முன்பே சிதம்பரம் பஸ் நேரத்தை நினைத்துப் பார்த்துவிட்டேன்.