இதயத் துடிப்பு காட்டும் வாட்ச் வாங்கப் போனேன்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மார்கரெட் என்றொரு அம்மா இருக்கிறார். காலையில் திரைச்சீலையை விலக்கியபடி, ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டால் உடனே பதில் வராது. முதலில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். வாட்ச் என்ன சொல்கிறதோ அதுதான் பதில். தூங்கியவருக்குத் தெரியாதா, தூங்கினோமா இல்லையா என்று? இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. பிறகு எனக்கே நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது.

இரண்டாவது மாடிக்குப் படியேறினால் போதும், காதுக்குள் அடிப்பதுபோல் கேட்கும். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, உடற்பயிற்சிதான் போதவில்லை என்றார். நான் சிரித்துவிட்டேன். சந்தோஷத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து அவரும் சிரித்தார். இலங்கையில், பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினேழு வருஷம் கொழுந்து எடுத்தவள் நான். மழையில் வழுக்கும் மலையில், முதுகில் சாக்கோடு ஏறி இறங்கியவள். இங்கே எல்லாம் சமதரை, போதாததற்கு லிஃப்ட். என் உடம்பு மலையை மறந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், துடிப்பைப் பார்த்துக்கொள்ளச் சாதாரண வாட்ச் ஒன்று போதும் என்று சொல்லி அனுப்பினார்.

கடையில் இருந்த இளைஞன், "என்ன ட்ரெய்னிங் செய்றீங்க?" என்று கேட்டான். "ஃபயர் சேஃப்டி முடிந்தது. ஆட்களைத் தூக்கி உட்காரவைப்பது அடுத்த வாரம்" என்றேன். எங்கள் இல்லத்தில் ட்ரெய்னிங் என்றால் அதுதான்.  அவன் வழி காட்டும் வாட்ச், போனோடு பேசும் வாட்ச் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டிதான் சரியாகக் காட்டும் என்றான். அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நிமிர முடியுமா? பெரிய எழுத்து, ஒரே பொத்தான், போன் தேவையில்லாதது ஒன்றைக் கேட்டேன்.

இடது கையில் கட்டினான். எண் வரவில்லை, கோடுகள்தான் வந்தன. இறுக்கிப் பார்த்தான், துடைத்துப் பார்த்தான். கடைசியில் மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்ததைக் கண்டுபிடித்தான். தோட்டத்துத் தேர்த் திருவிழாவில் நானும் தங்கச்சி செல்வியும் குத்திக்கொண்டது. என் கையில் அவள் பெயர், அவள் கையில் என் பெயர். வாட்சின் வெளிச்சம் தோலுக்குள் போய்த்தான் துடிப்பைப் பிடிக்குமாம், பச்சையின் மை அதை மறைக்கிறதாம். வலது கைக்கு மாற்றினோம். நூற்று நான்கு. "பயமா?" என்று கேட்டான். சும்மா நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வியை வீடியோ காலில் கூப்பிட்டு வாட்சைக் காட்டினேன். அவள் இன்னும் அதே தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள். "நடக்குறதுக்கு ஒரு வாட்சாக்கா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அப்பிடித்தான் அடிக்குது. மலையில நின்னாலும் அடங்க மாட்டேங்குது" என்றாள்.

கழுத்தில் விரலை வைத்து எண்ணச் சொன்னேன். நான் வாட்சைப் பார்த்து ஒரு நிமிஷம் முடிந்ததும் நிறுத்தினேன்.

"நூத்திப் பதினெட்டு. சரியா எண்ணுனேனாக்கா?"

அவள் உட்கார்ந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கும்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

"நாளைக்கா? பேரு போயிரும்கா."

ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. எனக்குத் தெரியாததா? ஆனாலும் கத்தினேன். அத்தனை தூரத்திலிருந்து அதைத்தான் செய்ய முடிந்தது. இவ்வளவு வருஷமாகச் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறேன். மூச்சு வாங்குதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. ஒருவருக்கு இரண்டு தடவை தேநீர் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "டாக்டர் சிங்களத்துல 'லே மதி'ன்னாரு. ரத்தம் பத்தாதாம், ரொம்ப நாளாவே." ரத்தம் ஏற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஒரு மாதம் ஓய்வு என்றார்கள். பதினைந்தாம் நாளே மலைக்குப் போய்விட்டாள். மறுபடி கத்தினேன். "நீ அங்க வேலைக்குப் போகாம இருக்கியா?" என்று கேட்டாள். 

இப்போது வேலைக்கு முன்னால் பூங்காவில் நடக்கிறேன். அங்கே அப்போது மத்தியானம். அவள் கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு இறங்கியிருப்பாள். வீடியோவில் இருந்தபடியே எண்ணுவாள், நான் நேரம் பார்ப்பேன். எண் மெல்ல மெல்லக் குறைகிறது.

போன வாரம் அப்படி நடக்கும்போது, நாயோடு வந்த பெரியவர் ஒருவர் நின்று, "ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். சமதரையிலும் நான் முன்னால் சாய்ந்து, கால் வைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன், மலையில் நடப்பதுபோல. இல்லை என்றேன். என் இங்கிலீஷ் அவருக்கு எப்படிக் கேட்டதோ, பாவம், புல்லை விலக்கித் தேட ஆரம்பித்துவிட்டார்.

"யாருக்கா அது? என்ன தேடுறாரு?" என்றாள் செல்வி.

"நீ எண்ணு" என்றேன். அவரைத் தனியாகத் தேடவிட மனம் வரவில்லை. நானும் பக்கத்தில் குனிந்து புல்லை விலக்கினேன்.