ஒளித்துவைத்த கடைசிப் பகுதி

மகள் வாங்கி வந்த புதுச் சரித்திர நாவலைப் பிரித்ததும் பசை வாசனை அடித்தது. "படிச்சிட்டு முடிவச் சொல்லிராதம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அப்போது பள்ளித்தோழி சரோஜாவின் வீட்டில் தறி ஓடும்; எப்போதும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி மணக்கும். எங்கள் வீட்டுக்கு வரும் வாரப் பத்திரிகையிலிருந்து இளவரசி தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, தறி நூலால் தைத்து, அந்தக் கஞ்சியாலேயே அட்டை ஒட்டுவோம். பத்தாவதில் அவள் என்னைவிட அதிக மார்க் வாங்கிய வாரம் கதையின் கடைசிப் பகுதி வந்தது. நான் அதை ஒளித்துவைத்துவிட்டு, "இளவரசி தீயில விழுந்து செத்துட்டாடி" என்றேன். சரோஜா தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டபடி தேம்பித் தேம்பி அழுதாள்.

கதையில் இளவரசி சாகவே இல்லை. கோட்டையை மீட்டு அரியணை ஏறினாள்.

போன மாதம் திருச்சுழி பஸ்ஸில் சரோஜாவைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் மகள்.

"இவளுக்கு யாரு பேரு வச்சிருக்கேன் தெரியுமாடி? நம்ம இளவரசி பேருதான். பாவம், அவதான் வாழாமப் போயிட்டா. இவளாச்சும் நல்லா வாழட்டும்னு வச்சேன்."

"நல்ல பேருடி" என்று சொல்லிவிட்டு, என் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.