சம்மதம் இல்லாத படங்கள்

சுமியேவுக்கு அருவருப்பு என்பது விட்டுப்போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. குப்பை மண்டிய வீடுகளையும், ஆள் தனியே செத்துக் கிடந்து நாள் கடந்து கண்டுபிடிக்கப்பட்ட வீடுகளையும் சுத்தம் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை, ஜப்பானின் அமகாசாகி நகரத்தில். வேலைக்குப் போகிறவர்கள் எடுத்து வரும் படங்களைக் கணினியில் சேர்த்து வைப்பது அவள் பொறுப்பு. புழு நெளியும் பாயைத் திரையில் வைத்துக்கொண்டே சோற்று உருண்டையைத் தின்று முடிப்பாள்.

அவளுக்குப் பிடிக்காதது ஃபோல்டர்கள்தான். வார்டுக்குள் தெரு, தெருவுக்குள் வருடம். "பூனை மூத்திரம் தரைப் பலகைக்குள்ள இறங்கின வீடு ஒண்ணு இருந்துச்சே, அதுக்கு என்ன மருந்து அடிச்சோம்?" என்று யாராவது கேட்டால் தேடவே அரைநாள் போகும். முதலாளி இகராஷியிடம் மல்லுக்கட்டி ஃபோல்டர்களை ஒழித்தாள். ஒவ்வொரு படத்துக்கும் வேண்டிய அளவு குறிச்சொற்கள் போட்டாள்: பூனை, புழு, தரை அழுகல், முதியவர், தனிச்சாவு. கூடவே தேதி, மருந்து. பதினாலாயிரம் படங்களுக்கு எட்டு மாதம் ஆனது. இரண்டு சொல் தட்டினால் கேட்டது வந்து நின்றது.

விளம்பரத்துக்கென்று புதிதாகச் சேர்ந்த மினகாவா அதைப் பார்த்து வாயைப் பிளந்தான். மறுவாரமே ஒரு வீடியோ போட்டான்: 'இந்த வாரத்தின் நாற்றமெடுத்த வீடு'. தனிச்சாவு, முதியவர், புழு என்று தேடி எடுத்த படங்கள். பின்னால் கோமாளி இசை. ஒரு படத்தில், செத்துப்போன கிழவி தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களை வட்டமிட்டு வைத்திருந்த காலண்டர் தெரிந்தது. கீழே ஆயிரக்கணக்கானோர் சிரித்திருந்தார்கள்.

சுமியே பாதி தின்ற சோற்று உருண்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"என்ன மினகாவா-சான் இது?"

"பேரும் போடலை, அட்ரஸும் போடலையே சுமியே-சான்! உங்க டேக் இருக்கறதாலதான் பத்தே நிமிஷத்துல முடிஞ்சது."

"அந்தக் கிழவி செத்த எடத்தைக் காட்டிச் சிரிக்கறதுக்கா நான் எட்டு மாசம் உக்காந்தேன்? தூ!"

இகராஷியிடம் போனாள். அவர் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "வீடியோ பாத்துட்டு வேலை கேட்டு போன் ஓயாம அடிக்குதேம்மா..."

அதைக் கேட்டபோது அவளுக்கு மினகாவாவைவிட அவர்தான் அதிகம் நாறினார். இத்தனை சுத்தமாகப் பெயரிட்டுக் கொடுத்த தன் கைமேலும் கசப்பு.

ஒரு வாரம் உட்கார்ந்து, வீட்டுக்கு வீடு ஒப்பந்தங்களைப் பார்த்து, எல்லாப் படங்களுக்கும் இன்னொரு தகவலைச் சேர்த்தாள்: குடும்பத்தின் சம்மதம், உண்டா இல்லையா. 'உண்டு' என்றிருப்பவை மட்டுமே விளம்பரப் பிரிவுக்குத் தெரியும்படி பூட்டினாள். மொத்தம் அறுபத்தொன்று. பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு எடுத்த அடுப்படி ஃபேன்கள்.

"இந்த ஃபேனை வச்சு நான் என்ன பண்றது?" என்று மினகாவா கத்தினான்.

ஒரு வீட்டுக் குடும்பத்தோடு இகராஷி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் சுமியே கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தாள். 'வீட்டின் நிலையை வெளியாருக்குக் காட்ட மாட்டோம்' என்ற வரியின் அடியில் பென்சில் கோடு. "பூட்டை எடுக்கணும்னா எடுக்கறேன், முதலாளி. இந்த வீட்டுக்காரங்களுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

அவர் போன் பண்ணவில்லை. பூட்டு நின்றது. வீடியோவை மூன்று வாரம் கழித்துத்தான் எடுத்தார்கள். வெட்கப்பட்டு அல்ல, பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டதால். அதற்குள் இணையத்தில் யார் யாரோ நகல் எடுத்துப் போட்டிருந்தார்கள். திங்கள்தோறும் சுமியே அவற்றைத் தேடிப் பிடித்து, நீக்கச் சொல்லிப் புகார் எழுதுகிறாள். இன்னும் ஆறு இடத்தில் அந்தக் காலண்டர் இருக்கிறது.