றஞ்சி அக்கா துணி தைத்த விமானம்

கனடாவில், மொன்றியல் தீவின் மேற்கு முனையில், ஒரு பழைய களஞ்சியத்தின் முன் நிற்கிறேன். முன்னொரு காலத்தில் வடக்கே பனிக்குள் கிடந்த ஊர்களுக்குத் தபாலும் மருந்தும் கொண்டுபோன சிறிய விமானம் ஒன்றைத் தன்னார்வலர்கள் இங்கே திருத்தியிருக்கிறார்கள். அதன் இறக்கைகள் மரச்சட்டத்தில் துணி போர்த்தியவை. அந்தத் துணியைத் தைத்தவர் றஞ்சி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், இதே தீவின் லாசால் பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்.

இன்று முதல்முறையாக இஞ்சினை ஓட்டிப் பார்க்கிறார்கள். விமானத்தை எல்லோரும் புல்வெளிக்குத் தள்ளுகிறோம். அக்கா மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

“நீங்க வரலையாக்கா?” என்று கேட்கிறேன்.

“பள்ளிக்கூடம் போற வயசிலை, பிளேன் சத்தம் கேட்டாக் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ளை ஓடின ஆக்கள் நாங்கள். தைக்கேக்கை ஒண்டும் தெரியேல்லை. இப்பதான் கிட்ட வரப் பயமாக் கிடக்கு.”

இஞ்சின் இரண்டு தரம் இருமி அணைகிறது. மூன்றாம் தரம் பிடித்துக்கொள்கிறது. காற்றில் புல் படுத்துவிடுகிறது. அக்கா காதுகளைப் பொத்திக்கொள்கிறார், ஆனால் உள்ளே ஓடவில்லை. சிறிது நேரத்தில் கைகளை இறக்கிவிட்டு, மெல்ல நடந்து என் பக்கத்தில் வந்து நிற்கிறார். கண்கள் கலங்கியிருக்கின்றன. என் காதருகே குனிந்து கத்துகிறார்:

“இது பறக்கிற அண்டைக்கு நானும் ஏறப்போறன்!”